அம்பரப்பர் மலையும் ஒரு ஏலியன் புத்தகமும்!

தேனியில் போடி பஸ் ஏறும்போது என் பையில் ஒரு பழைய புத்தகம் இருந்தது. எரிக் வான் டேனிகன் எழுதிய ‘சாரியட்ஸ் ஆஃப் த காட்ஸ்’. 1968-ல் வெளிவந்து உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்தது. பழங்கால அதிசயங்களுக்குப் பின்னால் வேற்றுக்கிரகவாசிகள் இருக்கிறார்கள் என்கிற புத்தகம்.

சுவாரஸ்யத்துக்குக் குறைவே இல்லை. நம்ம டெல்லி இரும்புத்தூண்கூட அதில் வருகிறது, துருப்பிடிக்காத மர்ம உலோகமாக! உண்மையில் அது சுமார் 1,600 வருடங்களுக்கு முன்பு நம் கொல்லர்கள் உருவாக்கியது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் உண்டாகும் மெல்லிய படலம்தான் தூணைத் துருவிலிருந்து காக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி-யின் ஆர்.பாலசுப்ரமணியம் இதை ஆய்வுசெய்து விளக்கினார். பின்னாளில் டேனிகனே தன் கூற்றைக் கைவிட்டார். அந்தக் கொல்லர்களுக்குச் சேரவேண்டிய பாராட்டு ஏலியனுக்குப் போயிருந்தது!

போடியில் ஏலக்காய் வாசனையோடு பஸ் மாறி, சிலமலை தாண்டி ராசிங்காபுரத்தில் இறங்கினேன். பக்கத்தில்தான் பொட்டிப்புரம். எதிரே அம்பரப்பர் மலை.

இந்த மலையைக் குடைந்து, ஏறக்குறைய 2 கி.மீ சுரங்கப்பாதை போட்டு, 50,000 டன் இரும்புக் கருவியை உள்ளே வைப்பதுதான் நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். நியூட்ரினோவும் கண்ணுக்குத் தெரியாது. இதைப் படிக்கும் நொடியிலும் உங்கள் உடம்பைக் கோடானுகோடி நியூட்ரினோக்கள் கடந்துபோகின்றன. கேட்டால் டேனிகன் கதை மாதிரியே இருக்கிறதல்லவா?

வித்தியாசம் இங்கேதான். இப்படி ஒரு துகள் இருக்கலாம் என்று பாலி 1930-ல் சொன்னார். 1956-ல்தான் சோதனையில் பிடிபட்டது. 1965-ல் நம் கோலார் தங்கச்சுரங்கத்திலும் பதிவானது. 2011-ல் ஐரோப்பாவில் ஒரு குழுவின் அளவீட்டில், நியூட்ரினோ ஒளியைவிட வேகமாக வந்ததாகத் தெரிந்தது. அவர்கள் கொண்டாடவில்லை. மற்றவர்களைச் சரிபார்க்கச் சொன்னார்கள். சில மாதங்களில் காரணம் கிடைத்தது. சரியாகப் பொருந்தாத ஒரு கேபிள்!

டீக்கடையில் ஓர் அப்பத்தா கேட்டார், “ஏப்பா தம்பி, மலைக்குள்ள குண்டு வைக்கப் போறாகளாம்ல, நெசமா?”

“இல்ல அப்பத்தா. அது குண்டு இல்ல. வானத்துலேர்ந்து வர்றதைக் கண்டுபிடிக்கிற கருவி.”

“சரி, மலையக் குடைஞ்சா தண்ணி என்னாகும்? ஆடு எங்குட்டு மேயும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. வெடிகுண்டு வெறும் வதந்தி. ஆனால் தண்ணீரும் மேய்ச்சலும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடும் நியாயமான கேள்விகள். 2015-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பணிகளுக்குத் தடை விதித்தது. 2022-ல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. வதந்தியைத் தள்ளும் வேகத்தில் இந்தக் கேள்விகளையும் தள்ளிவிட்டால், அது சந்தேகம் அல்ல, சோம்பேறித்தனம்!

மர்மப் புத்தகங்களைத் தாராளமாகப் படியுங்கள். கூடவே மூன்று கேள்விகள் கேளுங்கள்:

* சொல்பவருக்கு இது எப்படித் தெரியும்?

* இதைவிட எளிமையான காரணம் இருக்கிறதா?

* இது தப்பு என்றால், எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

திரும்பும்போது போடியில் இருட்டிவிட்டது. என் கையிலிருந்த புத்தக அட்டையைப் பார்த்த பள்ளி மாணவன், “அண்ணே, அங்க பாருங்க... யூ.எஃப்.ஓ!” என்றான். மேற்கே, கறுத்த வானத்தில் ஒரு வெளிச்சம் மெல்ல மேலேறியது. சட்டென்று மறைந்தது. மறுபடி வந்து எதிர்ப்பக்கம் நகர்ந்தது.

“இதைவிட எளிமையான காரணம் இருக்கா, யோசி” என்றேன்.

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவன் சிரித்துவிட்டான். “போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுல ஜீப் ஏறுதுண்ணே!”