தூண்களில் என்ன எழுதியிருக்கிறது?

ஸ்பெயினில் மேற்படிப்புப் பயிலும் எம் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் மடல் வரைந்திருந்தார். விடுமுறை நாளொன்றில் கிரனாடா நகரைப் பேருந்திலேயே சுற்றிப் பார்த்தாராம். குன்றின்மேல் ஏறும் சிறு பேருந்தில் அல்ஹம்ரா சென்று, சுவர்களில் செதுக்கியுள்ள இப்னு ஸம்ரக்கின் கவிதை அடிகளை எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் படித்ததாகவும், எம்மிடம் கற்ற அரபி அன்று பயன்பட்டதாகவும் எழுதியிருந்தார். உள்ளம் குளிர்ந்தோம். கடைசி வரியில் ஒரு வினா: "ஹஜ்ரத், எங்கள் கீழக்கரை ஜும்ஆப் பள்ளித் தூண்களில் என்ன எழுதியிருக்கிறது?"

எமக்கு விடை தெரியவில்லை. நாம் குடியிருப்பது இராமநாதபுரம். கீழக்கரை ஏறக்குறைய 17 கிலோமீட்டர். மணவிருந்துக்கும் மய்யித்துக்கும் பன்முறை போயிருக்கிறோம். அப்பள்ளியில் தொழுதும் இருக்கிறோம். தூணை நிமிர்ந்து பார்த்ததில்லை. 1492இல் கிரனாடா கைமாறிய வரலாற்றை வகுப்பில் கண்கலங்கச் சொல்லும் எமக்கு இது பெரும் நாணமாயிற்று. மறு சனிக்கிழமையே புறப்பட்டோம்.

முதலில் அரண்மனை. இராமலிங்க விலாசமும் நாம் பார்த்திராத ஒன்றே. அதன் வாயிலருகே காய்கறி வாங்கியதோடு சரி. போகலூரிலிருந்து தலைநகரை இங்கே கொணர்ந்தவர், 1710இல் மறைந்த கிழவன் சேதுபதி. சுவரெங்கும் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். இராமாயணமும் கண்ணன் கதையும் ஒருபுறமிருக்க, தஞ்சை மராட்டியரோடு நிகழ்ந்த போரும் தீட்டப்பட்டிருக்கிறது. அம்மன்னரின் உற்ற நண்பராகத்தான் வள்ளல் சீதக்காதியை நம் மக்கள் இன்றும் நினைக்கின்றனர். இவ்வாயிலில் அவர் எத்தனை முறை வந்திறங்கினாரோ என்று எண்ணியவாறு பேருந்து நிலையம் வந்தோம்.

"பாய், ஏர்வாடியா, கீழக்கரையா?" என்றார் நடத்துநர். சீட்டு வாங்கிச் சன்னலோரம் அமர்ந்தோம். நாமம் தரித்த முதியவர் ஒருவர் திருப்புல்லாணியில் இறங்கினார். அவர் எழுந்த இடத்தில், ஏர்வாடி தர்காவுக்குப் போகும் தாயொருத்தி, ஓயாது தனக்குள் பேசிக்கொண்டிருந்த தன் மகனை அமர்த்தினாள். இந்தப் பேருந்துக்கு இது நாள்தோறும் நடப்பது.

லுஹருக்குச் சற்று முன் பள்ளியை அடைந்தோம். தொழுகை முடிந்து எல்லோரும் சென்றபின் தூண் தூணாக நின்று பார்த்தோம். எம் கண்ணுக்கு எழுத்து எதுவும் படவில்லை. பூவும் கொடியும் இருந்தன. மேலே உத்திரத்தைத் தாங்கும் போதிகைகள் இருந்தன. கோயில் மண்டபம் எழுப்பிய மரபில் வந்த சிற்பியர் கைதான். உருவத்தை மட்டும் விட்டுவிட்டுத் தம் கலை முழுவதையும் கல்லில் கொட்டியிருக்கின்றனர். அல்ஹம்ராவில் கவிதை சுவரில் இருக்கிறது. இங்கோ, வித்ரிய்யாவுக்குத் தக்மீஸ் பாடிய ஸதக்கத்துல்லா அப்பா பள்ளி வளாகத்திலேயே அடங்கியிருக்கிறார். அவர் கவிதை இருப்பது ஓதுவோரின் நாவில். அன்னாரின் அன்புக்குரிய சீதக்காதியின் அடக்கமும் அங்கேயே. 'செத்தும் கொடுத்த' கதையை முப்பதாண்டு காலம் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறோம். அந்த இடத்தில் நின்றபோது கதை நினைவுக்கு வரவில்லை, துஆ மட்டுமே வந்தது.

அங்கிருந்து அரூஸிய்யா மதரஸாப் பக்கம் நடந்தோம். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபியிலும் அறபுத்தமிழிலும் எழுதிக் குவித்த இடம். அவருடைய 'ஃபத்ஹுத் தய்யான்' நினைவுக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது.

எம் உம்மாவிடம் அந்நூல் ஒன்று இருந்தது. தமிழ் எழுத்து அறியாதவர் அவர். அரபி எழுத்தில் அமைந்த தமிழை மடமடவென்று படிப்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள் தொழுகைச் சட்டம் கேட்க அவரிடமே வருவர். நாம் ஸனது பெற்றுத் திரும்பிய புதிதில் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். "இது அரபியும் இல்லை, தமிழும் இல்லை, இனி யார் படிக்கப் போகிறார்கள்?" என்று சொல்லி, நைந்த ஓதல் ஏடுகளோடு அந்நூலையும் கட்டிக் கடலில் சேர்த்துவிட்டோம். உம்மா சினக்கவில்லை. "அதுல எங்க வாப்பா எழுதின எழுத்து இருந்துச்சே, தம்பி" என்றார். அவ்வளவே. அவர் மறைந்து பதினோராண்டு ஆகிறது.

கடற்கரைக்குப் போக எண்ணியிருந்தோம், போகவில்லை. அஸர் தொழுதுவிட்டு, நிற்கவும் இடமில்லாத பேருந்தில் ஊர் திரும்பினோம்.

அன்றிரவே மாணவருக்கு விடை எழுதினோம். தூண்களில் நாம் கண்டது பூவேலை என்றும், போதிகைகளின் அழகு இன்னதென்றும் இரண்டு பக்கம் விவரித்தோம். பின்னர் இப்படிச் சேர்த்தோம்: "தம்பி, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 'ஃபத்ஹுத் தய்யான்' இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், எந்த ஆலிம் வந்து கேட்டாலும் கொடுத்துவிட வேண்டாமென்று சொல்லுங்கள். விடுமுறைக்கு வரும்போது கொண்டு வாருங்கள்; உடனிருந்து படிப்போம்."