மாவு மிஷினில் முதல் ஆள்

திருவொற்றியூரில் எங்கள் தெரு கடலுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவில் இருந்தது. விடிவதற்கு முன் கிழக்கிலிருந்து கருவாட்டு வாசனை வரும், காற்று திரும்பினால் மணலிப் பக்கத்து எண்ணெய் ஆலையின் நெடி வரும், ராத்திரி ஷிப்ட் முடிந்து தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து நைனா வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் அதிலிருந்து கந்தக வாசம் மெல்லக் கிளம்பும். இத்தனையையும் அமுக்கிவிட்டு ஒரு வாசனை வரும் பாருங்கள், அதுதான் என்னைப் பாயிலிருந்து எழுப்பும். பின் தெரு பேக்கரியில் பன் வேகிற வாசனை. அந்தப் பன்னும், டீக்கடைக் கண்ணாடிப் பாட்டிலில் அடுக்கியிருந்த பொறையும், பட்டர் பிஸ்கட்டும் எனக்குக் கிடையாது. கோதுமை என் உடம்புக்கு ஆகாது.

அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்பதை அம்மா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். கைகால் குச்சி, வயிறு மட்டும் உப்பல், எதைத் தின்றாலும் தங்காது. மாந்தம் என்றார்கள், கண்ணேறு என்றார்கள், வடிவுடையம்மன் கோயிலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பிள்ளை தேறட்டும் என்று பாசத்தோடு ஊட்டியதெல்லாம் என்ன தெரியுமா, ரவைக் கஞ்சி, பாலில் ஊறிய ரஸ்க், பாலில் கலக்கிய மால்ட் மாவு. பார்லியும் கோதுமையும் முளைகட்டிச் செய்ததுதான் அந்த மால்ட். ஊட்ட ஊட்ட நான் இளைத்தேன். கடைசியில் எழும்பூரில் ஒரு டாக்டரம்மா, ரத்தம் எடுத்துப் பார்த்ததோடு நிற்காமல், அம்மாவை எதிரில் உட்காரவைத்து, காலையில் நாஷ்டாவுக்கு என்ன, மதியம் என்ன, ராத்திரி என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாராம். எழுதி முடித்து, கோதுமை, ரவை, மைதா, சேமியா, மால்ட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கூட்டிவாருங்கள் என்றாராம். சில வாரங்களில் நான் தட்டை நீட்டி இன்னும் சோறு கேட்டேன். அந்தத் தட்டைப் பற்றிச் சொல்லும்போது அம்மாவுக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

சீலியாக் என்ற பெயரெல்லாம் எனக்குப் பின்னாளில்தான் தெரியும். கோதுமை, பார்லி, ரை இவற்றிலிருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே திரும்பிச் சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய முனைகள் தட்டையாகிவிடுகின்றன. வயிறு நிறையத் தின்றும் பிள்ளை பட்டினி கிடக்கும். இதற்குக் காரணம் கோதுமைதான் என்று நிலைநாட்டியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். முன்னதாகவே அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலம், 1944-45, நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோய்கொண்ட பிள்ளைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள். 1950இல் அதை ஆய்வேடாகவே எழுதினார். பசியில் ஊரே வாடிய காலத்தில் கட்டிலில் கிடந்த அந்தப் பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்ததைப் படித்தபோது, எனக்கு அவர்கள் கூடப் பிறந்தவர்களாகத் தெரிந்தார்கள்.

டாக்டரம்மா வேண்டாம் என்றவை ஒரு சின்னச் சீட்டில் அடங்கின. வேண்டும் என்பதை அவர் எழுதித் தரவில்லை, அதை நாங்களே தெருத்தெருவாகக் கண்டுபிடித்தோம்.

முதலில் மாவு மிஷின். எங்களுக்கு அதுதான் பெரிய விஷயம். கேழ்வரகும் அரிசியும் எனக்கு ஆகும், ஆனால் அவற்றை அரைக்கும் அதே கல்லில்தான் ரேஷன் கோதுமையும் அரைபடும். முந்தின ஆளின் மாவு கொஞ்சம் கல்லிலும் துணிக் குழாயிலும் தங்கி அடுத்த ஆளின் தூக்கில் விழும், அந்தக் கொஞ்சமே என்னை ராத்திரி முழுக்கப் புரட்டிவிடும். அதனால் அம்மா மிஷின் திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நிற்பாள், தூக்கைப் பிடித்துக்கொண்டு நானும் நிற்பேன். மிஷின்காரர் மாமா பூட்டைத் திறந்து, பெல்ட்டை மாட்டுவதற்கு முன் கல்லைத் துடைப்பத்தால் தட்டி, துணிக் குழாயை வெளியே கொண்டுபோய் உதறுவார். பிறகு அவர் கையிலிருந்தே இரண்டு கை பச்சரிசியைப் போட்டு அரைத்து, அந்த மாவைத் தனியாக ஒதுக்கிவிட்டு, அப்புறம்தான் எங்கள் கேழ்வரகைக் கொட்டுவார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. கோதுமைக்குப் பின்னால் அரிசி போட்டால் அரிசி மாவு கெடும் என்பது அந்தத் தொழிலிலேயே தெரிந்த சங்கதி, அதைப் பிள்ளைக்காக இன்னும் ஒரு படி கூட்டிச் செய்தார். கல் சுற்றத் தொடங்கியதும் தரை அதிரும், என் கால் வழியாக அந்த அதிர்வு வயிற்றுக்கு ஏறும், சூடான கேழ்வரகு மாவின் மண் வாசனை மூக்கில் ஏறும், மாமாவின் புருவமும் மீசையும் வெளுத்திருக்கும். சில நாள் எங்களுக்கு முன்னாலேயே யாராவது கோதுமையோடு வந்து நிற்பார்கள். என் முகத்தைப் பார்த்ததும், "வாம்மா, புள்ளைது மொதல்ல ஓடட்டும்" என்று தூக்கைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். அந்த வரிசையில் முதல் ஆளாக நிற்பதில் எனக்கு அப்படியொரு மிடுக்கு. அந்த மிஷினே எனக்காகத்தான் ஓடுகிறது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த மாவில் அம்மா செய்தவை: முருங்கைக்கீரை கிள்ளிப் போட்ட கேழ்வரகு அடை, வெல்லமும் தேங்காயும் பிசைந்த புட்டு, களி, எல்லாவற்றுக்கும் மேலே கூழ். மாவை ராத்திரியே கரைத்துப் புளிக்க வைப்பாள். மறுநாள் நொய்யரிசியைக் குழைய வேகவிட்டு, அதில் புளித்த கரைசலை ஊற்றித் துடுப்பால் கிண்டுவாள். கெட்டியானதும் ஆறவைத்து, அடுத்த காலையில் உப்பும் மோரும் விட்டு என் கிண்ணத்தில் கரைப்பாள். தொட்டுக்கொள்ள நறுக்கென்று சின்ன வெங்காயம், மோர் மிளகாய், வெறும் சட்டியில் வறுத்த சென்னாக்குன்னி. ஆடி மாசம் வந்துவிட்டால் எனக்குக் கொண்டாட்டம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்த அம்மன் கோயில் வாசலிலும் அண்டா ஏறியிருக்கும், எந்தத் தெருவில் தூக்கை நீட்டினாலும் கூழ் விழும். மற்ற மாசங்களில் தெருவிருந்துகளில் எனக்கு ஆகாதது எது என்று தேட வேண்டும், ஆடியில் தேடவே வேண்டாம். கூட விளையாடுகிற பையன்களுக்கும் எனக்கும் ஒரே அண்டாவிலிருந்து ஒரே கரண்டி ஊற்றுகிறது என்பது அந்த வயதில் எவ்வளவு பெரிய சந்தோஷம் என்பதை இன்றைக்கும் வார்த்தையில் பிடிக்க முடியவில்லை.

பெருங்காயம் எங்களை ஏமாற்றியது. சோறும் ரசமும்தான் தின்றிருப்பேன், ஆனாலும் வயிறு புரளும். அம்மா ஒவ்வொரு சாமானாக நிறுத்திப் பார்த்து, கடைசியில் கடுகு டப்பாவுக்குப் பக்கத்திலிருந்த பெருங்காயத்தில் வந்து நின்றாள். பெருங்காயப் பிசினை அப்படியே பயன்படுத்துவது கடினம், அவ்வளவு நெடி. அதனால் கருவேலம் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ அரிசி மாவோ கலந்துதான் கூட்டுப் பெருங்காயம் வருகிறது. அன்றிலிருந்து எங்கள் ரசத்தில் பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டாள். இன்றைக்கும் எனக்கு ரசம் என்றால் அந்தப் பூண்டு ரசம்தான், வேறு வீட்டு ரசம் ஏதோ அவசரத்தில் செய்ததாகத் தோன்றும். ஓட்டல் சாம்பார் விஷயத்தில் நான் இன்னும் கேட்டுத்தான் கரண்டியை எடுக்கிறேன், கேட்கக் கூச்சப்படுவதில்லை.

கேட்கிற பழக்கம் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில், பரிமாற வருகிறவரின் வாளியை எட்டிப் பார்த்து, "இதுல மைதா கீதா?" என்று உரக்கக் கேட்பேனாம். பெரிய மனுஷத்தனமான அந்தக் குரலுக்குப் பந்தியே திரும்பிப் பார்க்குமாம்.

கூடைக்கார ஆயாவிடம் மட்டும் அந்தக் கேள்வியே தேவைப்படவில்லை. காசிமேட்டு ஏலத்தில் எடுத்த மீனை அன்னக்கூடையில் சுமந்து, ரயிலில் வெண்டார் பெட்டியில் ஏறி, திருவொற்றியூரில் இறங்கி எங்கள் தெருவுக்கு வருவார். கூடையை இறக்கினதும் தண்ணீர் சொட்டச் சொட்ட ஈரச் சாக்கைத் தூக்கிக் காட்டுவார், கானாங்கத்தை, நெத்திலி, மடவை, எண்ணூர்க் கழிமுகத்து இறால். "கண்ணு, இதுல ஒண்ணும் இல்லடா, கடல்தான் கீது, நல்லா துன்னு" என்பார். ஒரு நாள் சுறாத் துண்டு ஒன்றைக் கொடுத்து, பிள்ளைக்குப் புட்டு செய்து கொடு என்று அம்மாவிடம் சொன்னார். புட்டு என்றால் மாவாயிற்றே என்று நான் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்த சுறா, பூண்டும் வெங்காயமும் பச்சை மிளகாயுமாகச் சட்டியில் புரண்டு வந்தது. மாவே இல்லாத புட்டு! அதைத் தெருப் பையன்கள் எல்லாரிடமும் போய்ச் சொன்னேன்.

ராயபுரத்தில் மாமா வீட்டுக்குப் போகும் நாட்களில் வேறு உலகம். ரம்ஜான் என்றால் மாமா பள்ளிவாசலுக்குத் தூக்கு கொடுத்து அனுப்பி நோன்புக் கஞ்சி வாங்கி வைத்திருப்பார். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, ஒரு ஓரத்தில் புதினா வாசம். கிறிஸ்துமஸ் வந்தால் மாடி வீட்டு அக்கா கேக்கைத் தட்டில் வைத்து எல்லாருக்கும் நீட்டுவார். என்னிடம் வரும்போது மட்டும் தட்டு மாறும். மைதா சேர்க்காமல், அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் முட்டையும் மட்டும் கலந்து, புதுச் சட்டியில் புது எண்ணெயில் எனக்கென்று தனியாகச் சுட்ட அச்சு முறுக்கு அதில் இருக்கும். அச்சை எண்ணெயில் முக்கி உதறும்போது பூ கழன்று விழும் சின்னச் சத்தத்தைக் கேட்க, அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

பர்மாக்காரர் கடையைச் சொல்லாமல் விட முடியாது. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் நிலங்களும் கைவிட்டுப் போய், கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கிய தமிழர்கள் வடசென்னை நெடுகக் குடியேறினார்கள். எர்ணாவூர்ப் பக்கம் பர்மா நகர் என்றே ஒரு குடியிருப்பு உண்டு. அவர்களோடு அத்தோ வந்தது, மொய்ங்கா வந்தது, வாழைத்தண்டு சூப் வந்தது. அத்தோ கோதுமை நூடுல்ஸ், அது ஆகாது. அந்தச் செம்மஞ்சள் குவியலைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டு நின்ற என்னைக் கடைக்கார அண்ணன் ஒரு நாள் விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் மொய்ங்கா அரிசி நூடுல்ஸ்தான் என்றார். அத்தோ வெந்த தண்ணீரில் அதை முக்காமல், தனிச் சட்டியில் புதுத் தண்ணீர் கொதிக்கவிட்டார். மேலே நொறுக்கிப் போடும் தட்டையை விட்டுவிட்டு, வாழைத்தண்டு வெந்த சூடான குழம்பை ஊற்றி, பொரித்த வெங்காயமும் பூண்டும் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்தார். கூடவே வயிற்றைக் கீறி வெங்காயமும் புளித்தண்ணியும் அடைத்த முட்டை மசால். துறைமுகத்து லாரிகள் பின்னால் ஊளையிட்டுக்கொண்டு போக, நின்றபடியே கிண்ணத்தை வழித்து நக்கினேன். நூல் நூலாக இழுத்து உறிஞ்சுகிற பண்டம் என் வாழ்க்கையில் கிடையாது என்று நினைத்திருந்தவனுக்கு அது கிடைத்த சாயங்காலம் அது.

இப்போது சூப்பர் மார்க்கெட்டில் குளூட்டன் இல்லாதவை என்று தனி அலமாரியே இருக்கிறது. அப்படி உறையில் எழுதினால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது, அந்த எழுத்துக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். பயணத்தில் அது எனக்கு உயிர். 2016இல் வந்த ஓர் ஆய்வு, இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேரின் ரத்தத்திலும், தெற்கே 0.10 பேரின் ரத்தத்திலும் இருப்பதாகச் சொன்னது. மரபணு அளவில் பெரிய வித்தியாசம் இல்லை, தட்டில் விழும் கோதுமையின் அளவுதான் வித்தியாசம். இன்றைக்கு எங்கள் தெருவில் கூழ் வண்டி ஒன்று நிற்கிற இடத்தில் பரோட்டாக் கடை நாலைந்து நிற்கிறது. பிள்ளைகளின் காலை நாஷ்டா பிஸ்கட்டில் தொடங்குகிறது. வயிறு உப்பிய குச்சிப் பிள்ளை ஒன்றைப் பார்த்தால், தட்டில் என்ன விழுகிறது என்று உட்கார்ந்து கேட்கிற டாக்டர் அதற்குக் கிடைக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

போன மாசம் கூட வேலை செய்கிற ஒருவரின் மகளுக்கு இதே நோய் என்று தெரிந்தது. இனிமேல் பிள்ளை எதைத்தான் சாப்பிடுவாள் என்று அவர் கண்கலங்கினார். ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திருவொற்றியூருக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மதியம் கூழ், சென்னாக்குன்னி, சுறாப் புட்டு, சாயங்காலம் மொய்ங்கா. மிஷின்காரர் மாமாவின் மகன்தான் இப்போது மிஷினைப் பார்த்துக்கொள்கிறான். அம்மா அவனுக்கு நேற்றே போன் போட்டு, வெள்ளிக்கிழமை காலையில் கல்லைத் தட்டிவைக்கச் சொல்லிவிட்டாள்.