கொடியிறங்கிய மறுநாள்

மெல்போர்ன், ஆகஸ்ட்

அன்புள்ள அக்கா,

29ஆம் தேதி வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடியேற்றம் என்றதும் எனக்குச் சித்தி ஞாபகம்தான் வருகிறது. கோயில் கடைத்தெருவில் கண், கை, கால் என்று காணிக்கைத் தகடுகள் தொங்குமே, ஒரு வருஷம் சித்தி ஒவ்வொரு கடையாக நின்று நின்று பார்த்தாள். தனக்கு நோவு எங்கே என்று கடைக்காரரிடம் எப்படிச் சொல்வாள்? கடைசியில் ஒரு மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றிவிட்டு வந்தாள். தீட்டு நின்று ஏழு வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பட்டதை நம் அம்மாவிடம்கூட அவள் சொல்லவில்லை. சொன்னபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

போன வாரம் இங்கே எனக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை. நர்ஸ் ஒரு குழாயைக் கொடுத்தார். உள்ளே நுனியில் பஞ்சு வைத்த நீளக் குச்சி. திரைக்குப் பின்னால் போய் நானே உள்ளே விட்டு, மெதுவாகச் சுழற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடிக் கொடுத்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. யாரும் தொடவில்லை, யாரும் பார்க்கவில்லை. சித்திக்கு இது கிடைத்திருந்தால் என்று நினைத்தபடியே வீட்டுக்கு நடந்தேன்.

இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். ஆஸ்திரேலியா 2017 டிசம்பரில், செல்களைப் பார்க்கும் பாப் சோதனையை விட்டு, வைரஸையே தேடும் சோதனைக்கு மாறியது. 2022 ஜூலையிலிருந்து மாதிரியை யார் வேண்டுமானாலும் தானே எடுத்துக்கொள்ளலாம். வைரஸ் இல்லையென்றால் அடுத்த சோதனை ஐந்து வருஷம் கழித்துத்தான்.

செல்களைப் பார்ப்பதிலும் புதுசு வந்திருக்கிறது. ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒருவர் கண் வலிக்கத் தேடிய காலம் மாறுகிறது. ஸ்கேனர் முழு ஸ்லைடையும் படமாக்க, ஆயிரக்கணக்கான செல்களில் கரு பெருத்துக் கறுத்தவற்றைக் கணினி பொறுக்கித் திரையில் வைக்கிறது. முடிவு சொல்வது மனிதர்தான். அப்படி ஒரு கருவிக்கு 2024இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. நாகப்பட்டினத்தில் எடுத்த ஸ்லைடைச் சென்னையில் இருக்கும் நிபுணர் அன்றைக்கே பார்த்துவிட முடியும் என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம். ஸ்லைடு படிக்கத் தெரிந்த டாக்டர் ஊருக்கு ஊர் இருக்க மாட்டார். படம் போய்விடும்.

ஆனால் கருவி வரட்டும் என்று நீ காத்திருக்காதே அக்கா. வினிகரில் இருக்கிற அதே அசெட்டிக் அமிலத்தை நீர்த்த கரைசலாகக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பார்த்தால், கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000த்திலிருந்து 2003 வரை, பயிற்சி பெற்ற நர்சுகள் 31,000க்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்களை இப்படிச் சோதித்தார்கள். இந்தத் திட்டம் நடந்த பகுதிகளில் இந்நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்ததென்று டாக்டர் சங்கரநாராயணன் குழு 2007இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் ஒரே ஒரு தடவை செய்த வைரஸ் சோதனை சாவைப் பாதியாக்கியது. நம் பெண்கள் கொடுத்த சாட்சியத்தை உலகமே படித்தது. நாம்தான் இன்னும் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிறோம்.

தமிழக அரசு அமிலம் தடவிப் பார்க்கும் சோதனையை முதலில் நடத்திப் பார்த்த இரண்டு மாவட்டங்களில் ஒன்று நம் பக்கத்துத் தஞ்சாவூர், மற்றது தேனி. பிறகு மாநிலம் முழுக்க வந்தது. 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்கிறார்கள்.

உனக்கு 46. ஒரு தடவைகூடப் பார்த்துக்கொண்டதில்லை என்று போனில் சொன்னாய். செப்டம்பர் 8 திருவிழா முடிந்து கொடியிறங்கட்டும். மாதாவுக்கு ஏற்ற வேண்டிய மெழுகுவர்த்தியை ஏற்று. மறுநாள் காலையில் அண்ணியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. போய்வந்ததும் எனக்குப் போன் பண்ணு.