கரையில் இறங்கும்போது பாஸ்போர்ட் யார் கையில் இருக்கணும்? - பினாங்கில் அப்பாவோடு போட்ட சண்டை

கடந்த ஆண்டு ஒரு மதியம், 'கப்பல் சுற்றுலா கிளம்புறீங்களா? இதையெல்லாம் மறந்துடாதீங்க!' என்று ஒரு கட்டுரை எழுதினேன். டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பவர்களுக்குத் தெரியும், இதெல்லாம் ஒரு மணி நேர வேலை. அதில் நான்காவது டிப்ஸ் இது: 'கரையில் இறங்கும்போது பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்ல வேண்டாம். அறையில் இருக்கும் லாக்கரில் வைத்துவிட்டு, ஜெராக்ஸும் கப்பலில் தரும் கார்டும் மட்டும் கொண்டு போங்கள்.'

அதை எழுதியபோது நான் கப்பலில் ஏறியதே கிடையாது. நான் அத்திப்பட்டுக்காரி. எங்கள் ஊர்ப் பக்கம் கப்பல் என்றால் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றி வரும் கப்பல்தான். நீச்சல் குளமும் பாட்டுக் கச்சேரியும் இருக்கிற கப்பலை நாங்கள் டி.வி-யில்தான் பார்த்திருக்கிறோம்.

சில மாதங்கள் கழித்து, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன் போன் செய்தார். அம்மா அப்பாவின் கல்யாண நாளுக்கு அவர் கொடுக்கிற பரிசு: சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு போய், மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்கும் மூன்று இரவுக் கப்பல் பயணம். கூட நானும். அம்மா அன்றைக்கே முறுக்கு சுட ஆரம்பித்துவிட்டார். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "என் பாஸ்போர்ட்டு இன்னும் உயிரோட இருக்குதா பாரு."

இருந்தது. இரும்புப் பெட்டிக்குள், துணிப்பையில் சுற்றி, அதற்கு மேல் ஒரு பாலிதீன் கவர் போட்டு.

சிங்கப்பூர் கப்பல் முனையத்தில் செக்-இன் கவுன்ட்டர். அங்கிருந்த பெண் எங்கள் மூன்று பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார். ரப்பர் பேண்ட் போட்டு ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தார். எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அப்பா நகரவில்லை.

"பாஸ்போர்ட்டு?"

"அவங்ககிட்டயே இருக்கும்ப்பா. திரும்பி வரும்போது குடுப்பாங்க."

"எதுக்கு அவங்ககிட்ட இருக்கணும்?"

நியாயமான கேள்விதான். எல்லாக் கப்பல்களிலும் இப்படி வாங்கி வைப்பதில்லை. அறையில் நாமே வைத்துக்கொள்ளும் கப்பல்களும் உண்டு. வாங்கி வைக்கிற கப்பல்களில் காரணம் இதுதான்: இரண்டாயிரம், மூவாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரு துறைமுகத்தில் இறங்கினால் குடிநுழைவு வரிசை முடியவே முடியாது. அதனால் அந்த நாட்டு அதிகாரிகள் கப்பலுக்கே வந்து மொத்தமாகப் பார்த்துவிடுவார்கள். இதையெல்லாம் நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் கண் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை.

அந்தக் கண்ணை நான் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

அப்பா வெல்டர். 2011-ல் கத்தாருக்குப் போனார். போய் இறங்கிய அன்றே கம்பெனி ஆள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார். விசா பதிவு முடிந்ததும் பாஸ்போர்ட்டைத் தொழிலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கத்தாரின் 2009-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அப்பாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் யாரிடம் போய்க் கேட்பது? 2013-ல் ஆயா இறந்தபோது அப்பாவின் பாஸ்போர்ட் ஆபீஸ் அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி வைத்திருந்தவர் லீவில் இருந்தார். நாட்டை விட்டு வெளியேற முதலாளி தரவேண்டிய எக்ஸிட் பெர்மிட்டும் தனியாக வாங்க வேண்டியிருந்தது. (பெரும்பாலான தொழிலாளர்களுக்கு அந்த முறையை 2018-ல்தான் எடுத்தார்கள்.) அப்பா வீடு வந்து சேர்ந்தபோது ஆயாவை எடுத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அத்திப்பட்டு ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டியிலிருந்து இறங்கியவர், வீட்டுக்கு வராமல் நேராகச் சுடுகாட்டுப் பக்கம் நடந்து போனார். எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. பின்னாலேயே ஓடினேன்.

அதனால் அந்தத் துண்டுச் சீட்டை அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அன்றைக்குப் புரியவில்லை. "விடுப்பா, இது ஜாலிக்கு வந்த எடம்" என்றேன்.

முதல் நாள் இரவு சாப்பாடு முடிந்ததும் அப்பாவைக் காணோம். ரிசப்ஷன் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தார். எதிரே சீருடையில் ஒரு பையன். பேசத் தொடங்கியதுமே தூத்துக்குடி என்று தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, பயப்படாதீய. என் பாஸ்போர்ட்டும் சி.டி.சி-யும்கூட உள்ளதான் இருக்கு. கப்பல்ல வேல பாக்குற அத்தன பேரோடதும் அங்கதான்."

சி.டி.சி என்பது மாலுமிகளின் பணிப் பதிவுப் புத்தகம். கப்பலில் வேலை செய்பவர்களின் பாஸ்போர்ட்டைப் பெரும்பாலும் கேப்டன் தரப்பில்தான் வைத்திருப்பார்கள். கரையில் இறங்க அவர்களுக்கு 'ஷோர் பாஸ்' என்று ஒரு அட்டை. எண்ணூரில் வந்து நிற்கும் வெளிநாட்டுக் கப்பல்களின் மாலுமிகளும் அந்த அட்டையோடுதான் துறைமுக வாசலைத் தாண்ட முடியும். மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கிடப்பவர்கள் கொஞ்ச நேரம் கரையில் நடப்பதற்காக, மாலுமிகளுக்கென்றே ஒரு தனி அடையாள ஆவணம் வேண்டும் என்று 1958-லும் 2003-லும் சர்வதேச உடன்படிக்கைகள் போட்டிருக்கிறார்கள். இரண்டாவதை இந்தியா 2015-ல் ஏற்றது.

அந்தப் பையன் சொன்னதைக் கேட்டு அப்பாவுக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். "உன்னுதையும் புடுங்கி வெச்சிட்டாங்களா?" என்றுதான் கேட்டார். பையன் சிரித்துவிட்டு, "வேணும்னா நாளைக்கு எறங்கும்போது கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிடுங்க. ஏறுனதும் திருப்பித் தந்துரணும்" என்றான்.

மறுநாள் பினாங்கு. இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அப்பா கையெழுத்துப் போட்டு மூன்றையும் வாங்கி, அதே பாலிதீன் கவரில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பை பிதுங்கிக்கொண்டு நின்றது. இடது கை அதன் மேலேயே இருந்தது.

பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை, ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா. பூக்கடை, பாத்திரக்கடை, ஸ்பீக்கரில் தமிழ்ப் பாட்டு. "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? மிஞ்சூர் பஜார் மாதிரியே இருக்குது" என்றார் அம்மா. குயின் ஸ்ட்ரீட்டில் 1833-ல் கட்டிய மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டோம். ஒரு காலத்தில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் 'ரஜூலா' கப்பல் ஏறி இதே பினாங்கில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் கடைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெயில் கொளுத்தியது. அப்பாவின் சட்டை நனைந்து, கவர் வழியாக நீலநிற அட்டை தெரிய ஆரம்பித்தது. எனக்கு எரிச்சல்.

"ப்பா, ஊருக்கே காட்டிக்கிட்டு வர்ற. எவனாவது அடிச்சிட்டுப் போகப் போறான்."

"என் பையில கை வெக்கட்டும், பாக்கலாம்."

மதியம் ஒரு நாசி கண்டார் கடை. தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் சோறும் குழம்பும் சுமந்து விற்றதில் பிறந்த சாப்பாடு அது. குழம்பு சட்டையில் தெறிக்கும் என்று அப்பா கவரை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தார். சாப்பிட்டோம், கை கழுவினோம், கிளம்பினோம். இரண்டு தெரு தாண்டியிருப்போம். பின்னால் ஒரு பையன் மூச்சு வாங்க ஓடி வந்தான். "ஐயா! ஐயா!" கையில் கவர்.

அப்பா அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பையனுக்குக் காசு கொடுக்கப் பார்த்தார், அவன் வாங்கவில்லை. அவன் போனதும் நான் வெடித்தேன்.

"இதுக்குத்தான் சொன்னேன்! கப்பல்லயே இருந்திருந்தா பத்திரமா இருந்திருக்கும். தொலைஞ்சிருந்தா என்னா ஆயிருக்கும் தெரியுமா?"

அப்பா சத்தம் போடவில்லை. "தொலைஞ்சா என் கையால தொலையட்டும்மா" என்றார்.

அதற்குப் பிறகு கப்பல் வரும்வரை இருவரும் பேசவில்லை. அம்மா நடுவில் நடந்தார்.

தொலைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊருக்கு வந்தபிறகுதான் ஒழுங்காக விசாரித்தேன். முதலில் அங்கே போலீஸ் புகார். பிறகு கோலாலம்பூரில் இருக்கும் இந்தியத் தூதரகம். பினாங்கிலிருந்து சுமார் 350 கி.மீ. அங்கே அவசரத்துக்குக் கிடைப்பது 'எமர்ஜென்சி சர்டிபிகேட்'. அதை வைத்து இந்தியாவுக்குத் திரும்ப மட்டும்தான் முடியும். கப்பல் போயே போய்விட்டிருக்கும். சிங்கப்பூர் விசா தொலைந்த பாஸ்போர்ட்டின் எண்ணில் இருக்கும். ஊருக்கு வந்தபின் புது பாஸ்போர்ட்டுக்கு (36 பக்கம்) 3,000 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. அதாவது, நான் கத்தியதில் தப்பில்லை.

ஆனால் நான் எழுதிய டிப்ஸில் தப்பு இருந்தது. 2024 மார்ச் கடைசியில் 'நார்வீஜியன் டான்' என்ற கப்பல், ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் எட்டுப் பயணிகளை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. தனியாக ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனவர்கள் நேரத்துக்குத் திரும்பவில்லை. கப்பல் நிறுவனம் அவர்களுடைய பாஸ்போர்ட்டை உள்ளூர்த் துறைமுக ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டுப் போனது. கப்பலைத் துரத்திக் காம்பியாவுக்குப் போனார்கள். தண்ணீர் மட்டம் சரியில்லாமல் கப்பல் அங்கே வரவே முடியவில்லை. கடைசியில் செனகல் போய்த்தான் ஏற முடிந்தது. அவர்கள் அமெரிக்கர்களும் ஆஸ்திரேலியர்களும். நம் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அப்படி நாடு நாடாகத் துரத்த முடியுமா? ஒவ்வொரு எல்லையிலும் விசா கேட்பார்கள். நான் பார்த்து எழுதிய ஆங்கிலத் தளங்களில் இந்தக் கேள்வியே இல்லை. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

ஆகவே அந்த நான்காவது டிப்ஸை இப்போது எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன். கப்பல் எந்த நாட்டில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். சென்னையில் ஏறி விசாகப்பட்டினம் போனால் பாஸ்போர்ட்டே வேண்டாம், ஆதார் மாதிரி ஓர் அடையாள அட்டை போதும். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்களே, அப்படி என்றால் பாஸ்போர்ட் கட்டாயம். ஜப்பான் மாதிரி நாடுகளில் வெளிநாட்டவர் அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதே சட்டம். மலேசியாவுக்கு 2023 டிசம்பர் 1 முதல் நமக்கு விசா வேண்டாம். ஆனால் சிங்கப்பூரில் கப்பல் ஏறிவிட்டால் அந்த நாட்டை விட்டு வெளியேறியதாகக் கணக்கு, அதனால் சிங்கப்பூர் விசா பலமுறை நுழையக்கூடியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தை ஒட்டியே இரண்டு மணி நேரம் சுற்றப் போகிறீர்களா, பாஸ்போர்ட் கப்பலிலேயே இருக்கட்டும், ஜெராக்ஸும் போனில் ஒரு படமும் போதும். தூரமாக, அதுவும் தனியாக வண்டி பிடித்துப் போகிறீர்களா, அசலை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் வேண்டாம், உடைக்குள் கட்டுகிற பை இருக்கிறது. துறைமுக ஏஜென்ட் போன் நம்பரைக் கப்பலில் தரும் அன்றாட நிகழ்ச்சித் தாளில் போட்டிருப்பார்கள். அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி பார்த்தால், 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின்படி பாஸ்போர்ட் எப்போதுமே மத்திய அரசின் சொத்து. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "இருக்கட்டும். கம்பெனிக்காரன் சொத்து இல்ல இல்ல?" என்றார்.

பினாங்கிலிருந்து கப்பல் ஏறியதும் அப்பா பாஸ்போர்ட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். அதே தூத்துக்குடிப் பையன்தான் வாங்கினான். இந்தமுறை துண்டுச் சீட்டில் மூன்று எண்களையும் அப்பா தன் கையால் எழுதிக்கொண்டார். சீட்டு பாலிதீன் கவருக்குள் போனது.

கடைசி நாள் காலை சிங்கப்பூரில் திருப்பிக் கொடுத்தார்கள். பின்னால் நீளமான வரிசை. அப்பா ஓரமாக நகராமல், அங்கேயே நின்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். கத்தார் முத்திரை இருந்த பழைய பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். நான் நகர்ந்து வரிசைக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

"மெதுவா பாருப்பா" என்றேன்.