டியூப் பெடலும் பேஸ் கிட்டாரும், நடுவுல நம்ம காதும்

பேஸ் கிட்டார் வாசிக்கிறவங்களுக்கு இந்த த்ரெட். வீட்ல யாராவது வாசிச்சா நீங்களும் படிங்க. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

"டாக்டர், நீங்களும் பேஸ் வாசிப்பீங்களாமே, டியூப் பெடல் வாங்கினா டோன் வார்ம் ஆகுமா?" இன்பாக்ஸ்ல அடிக்கடி வர்ற கேள்வி. ஆகும். ஏன் ஆகுதுன்னு ஒரு காது டாக்டரா சொல்றேன். புரிஞ்சுக்கிட்டா காசும் மிச்சம், காதும் மிச்சம்.

பழைய வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கா? சுவிட்ச் போட்டதும் பாடாது. உள்ள இருக்கிற கண்ணாடிக் குழாய் சூடாகி, லேசா ஆரஞ்சு நிறத்துல மினுங்கின பிறகுதான் பாடும். அந்த வால்வுதான் இந்த டியூப். பெடல்கள்ல அதிகமா பார்க்கிறது 12ஏஎக்ஸ்7. 1969-ல வந்த ஆம்பெக் எஸ்விடி மாதிரி 300 வாட் டியூப் ஆம்ப்பைத் தூக்கவே ரெண்டு பேர் வேணும். அந்த ருசியில கொஞ்சத்தைக் காலடியில வைக்கிற முயற்சிதான் டியூப் பெடல்.

வார்ம்னு நாம சொல்றது என்ன? சிக்னல் பெருசாகும்போது டியூப் அதை அப்படியே பெருக்காது, ஓரத்தை மெதுவா அமுக்கும். அப்போ மூல சுரத்தோட கூடவே புது ஹார்மோனிக்ஸ் பிறக்கும். லேசா ஓட்டினா ட்ரையோட் டியூப்ல தூக்கலா வர்றது இரண்டாவது ஹார்மோனிக், அதாவது அதே சட்ஜம் ஒரு ஸ்தாயி மேல. மூணாவது, மேல் ஸ்தாயிப் பஞ்சமம். ரெண்டுமே மூல சுரத்தோட ஒட்டிப் போறவை. அதனாலதான் காதுக்கு இதமா இருக்கு.

இப்போ எனக்குப் பிடிச்ச இடம். பேஸோட கீழ் இ கம்பி 41 ஹெர்ட்ஸ். 80-கள்ல டேப் ரெக்கார்டர்ல இருந்த உள்ளங்கை அளவு ஸ்பீக்கரால 41 ஹெர்ட்ஸை ஒழுங்கா எழுப்பவே முடியாது. ஆனாலும் இளையராஜா பாட்டோட பேஸ் லைனை அதுலயே கேட்டு முணுமுணுத்தோம். எப்படி? 82, 123, 164 ஹெர்ட்ஸ்ல வர்ற ஹார்மோனிக்ஸைக் கேட்டதும், அடியில 41 இருக்கணும்னு மூளையே கணக்குப் போட்டு நிரப்பிடும். டியூப் பெடல் அந்தக் கணக்குக்குத் தேவையான எண்களைத் தூக்கிக் கொடுக்குது, அவ்வளவுதான்.

இதுல காது எங்க வருதுன்னா, மனுஷக் காது கீழ் சுரங்களுக்கு மந்தம். 1000 ஹெர்ட்ஸ்ல 40 டெசிபல் கேட்கிற அதே அளவுக்கு 41 ஹெர்ட்ஸ் கேட்கணும்னா கிட்டத்தட்ட 80 டெசிபல் வேணும். அதனால சின்ன ரூம் ப்ராக்டிஸ்ல பேஸ் வாசிக்கிறவருக்குத் தன் சத்தமே கேட்காது. வால்யூமை ஏத்துவார். கிட்டார்காரர் ஏத்துவார். டிரம்மர் ஓங்கி அடிப்பார். 85 டெசிபல்ல 8 மணி நேரம் தாங்கலாம்னு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100-க்குப் போனா 15 நிமிஷம்தான். எந்த பேண்டு 15 நிமிஷத்துல ப்ராக்டிஸை முடிக்குது?

போன வருஷம் ஒரு பையன் வந்தான், 26 வயசு, பேஸ் வாசிக்கிறவன். ராத்திரி படுத்தா காதுல 'ங்ஙீ'ன்னு சத்தம். ஆடியோகிராம்ல 4000 ஹெர்ட்ஸ் கிட்ட அழகா ஒரு பள்ளம். சிம்பலும் கூட்டுச் சத்தமும் சேர்ந்து தோண்டின பள்ளம். உள்காதோட முடி செல்கள் செத்தா மறுபடி முளைக்காது, எங்ககிட்ட அதுக்கு மருந்தும் இல்ல. இசைக்காரங்களுக்கான காதடைப்பான் எழுதிக் கொடுத்தேன். கூடவே, "வால்யூமை இறக்கு, ட்ரைவைக் கொஞ்சம் ஏத்து"ன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க.

நான் நிஜமாத்தான் சொன்னேன். ட்ரைவ் நாப்பை சத்தம் உடையிற இடத்துக்குச் சற்று முன்னாடி நிறுத்துங்க. பிளெண்ட் நாப் இருந்தா கிளீன் சிக்னலைப் பாதிக்கு மேல வைங்க, இல்லன்னா அடி கழண்டு போயிடும். தனியா வாசிச்சுப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. தனியா கேட்கிறப்போ கொஞ்சம் அழுக்கா இருக்கிற டோன்தான் டிரம்ஸோட சேரும்போது தெளிவா கேட்கும்.

வாங்கும்போது பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. டியூப் ஸ்க்ரீமர்ல டியூப் கிடையாது, சிப்பும் டயோடும்தான். கீழ் சுரத்தை வெட்டவும் செய்யும். டியூப் இருந்தாலும், வெறும் 9 - 12 வோல்ட்ல பட்டினி போட்டு ஓட்டுற பெடல் ஒரு ரகம், பிளாக்ஸ்டார் எச்டி வரிசை மாதிரி உள்ளேயே 300 வோல்ட் வரை ஏத்துறது இன்னொரு ரகம். முதல் ரகம் சீக்கிரம் கரகரக்கும். டியூப்பே இல்லாத சான்ஸ்ஆம்ப்பும் நல்லாத்தான் இருக்கு. காசு குறைவுன்னா அதுக்கே என் ஓட்டு.

அடாப்டர் விஷயம்: 12ஏஎக்ஸ்7-ஐச் சூடாக்க மட்டுமே 12.6 வோல்ட்ல 150 மில்லியாம்ப் வேணும். கையில இருக்கிற 100 மில்லியாம்ப் அடாப்டரை மாட்டாதீங்க. உயர் வோல்டேஜ் பெடலை, டியூப் ஆம்ப்பைத் திறந்து பார்க்கிற ஆசை வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல ஷாக் காத்திருக்கும்.

ப்ராக்டிஸ் முடிஞ்சு மறுநாள் காலையிலயும் காதுல சத்தம் நிக்கலைன்னா பக்கத்துல இருக்கிற காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. ஆடியோகிராம் வலிக்காது, அரை மணி நேர வேலை. பெடல் சந்தேகம்னா கமெண்ட்ல கேளுங்க, ஓபி முடிச்சுட்டு வந்து பதில் சொல்றேன்.