சாணையும் நாலு கோடு நோட்டும்



பணி ஓய்வுக்குப் பிறகு நான் மரக் கடைசல் பழகுவது உங்களில் பலருக்குத் தெரியும். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரனுக்கு இது புதிய ஆசை இல்லை. எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் விளையாடிய சொப்புச் சாமான்கள் எல்லாம் இந்த ஊர்க் கடைசல் பட்டறைகளில் உருண்டு வந்தவைதான். இன்று எழுத வந்தது கடைசலைப் பற்றி இல்லை. உளி தீட்டுவதைப் பற்றி.

கடைசலில் மரம் வேகமாகச் சுற்றுகிறது. உளியின் கூர் சீக்கிரமே போய்விடும். கூர் போன உளி மரத்தைச் சீவாது, பிய்க்கும். நாம் அழுத்துவோம். அது சட்டென்று மாட்டிக் கையை உதறிவிடும். கூரான உளியைவிட மழுங்கிய உளிக்குத்தான் பயப்பட வேண்டும். ஒரு கிண்ணம் கடைந்து முடிப்பதற்குள் பல தடவை சாணைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

தட்டை உளி பரவாயில்லை. கிண்ணம் குடையும் கௌஜ் என்ற குழிவு உளிதான் சோதிக்கும். அதன் வாய் வளைவானது. உருட்டவும் வேண்டும், பக்கவாட்டில் வீசவும் வேண்டும், கோணமும் மாறக்கூடாது.

எங்கள் தெருவில் ஒரு கடைசல்கார அண்ணாச்சி இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கிரைண்டர் முன்னால் நின்றால் இரண்டு உருட்டு, வேலை முடிந்தது. அவருடைய பேரனும் ஆசையாகத்தான் பட்டறைக்கு வந்தான். அவன் தீட்டினால் சரிவு முழுக்கப் பட்டை பட்டையாக விழும். தாத்தா வாங்கிச் சரிசெய்து கொடுப்பார். சில மாதங்களில் பையன் வருவதை நிறுத்திவிட்டான்.

"கைக்கு வரணும் சார்வாள், சொல்லி வராது" என்றார் அண்ணாச்சி. அவர் குரலில் வருத்தம் இருந்தது. அவருக்குப் பின் அந்தப் பட்டறையைத் திறக்க வேறு ஆளில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் பார்த்தவன் நான். முதல் படியே உயரமாக இருந்தால் பிள்ளை ஏறாது. அவனை என் வீட்டுக்கு வரச் சொன்னேன். என்னிடம் தீட்டும் ஜிக் ஒன்று இருக்கிறது.

ஜிக் பெரிய மர்மமில்லை. சாணைக்கல்லுக்குக் கீழே ஒரு இரும்புக் கை முன்னும் பின்னும் நகரும். அதன் நுனியில் ஒரு குழி. உளியை ஒரு பிடிப்பானில் வைத்துத் திருகால் இறுக்கி, பிடிப்பானின் காலை அந்தக் குழியில் ஊன்ற வேண்டும். பிறகு தொட்டில் ஆட்டுவதுபோல இடமும் வலமும் ஆட்டினால் போதும். கோணத்தை ஜிக் பார்த்துக்கொள்ளும்.

நினைவில் வைக்க வேண்டியவை மூன்று: பிடிப்பானுக்கு வெளியே உளி எவ்வளவு நீள்கிறது, இரும்புக் கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, பிடிப்பானின் கால் எந்தச் சாய்வில் இருக்கிறது. நான் நீட்டலை 45 மில்லிமீட்டர் வைக்கிறேன். அந்த அளவுக்கு ஒரு மரக்கட்டையில் குழி போட்டு வைத்திருக்கிறேன். தினமும் ஸ்கேல் தேட வேண்டாம். சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசி, கிரைண்டரை ஓட்டாமல் கல்லைக் கையால் ஒரு சுற்று சுற்றுவேன். மை முழுச் சரிவிலும் அழிந்தால் அளவு சரி. நுனியில் மட்டும் அழிந்தாலோ அடியில் மட்டும் அழிந்தாலோ கையை நகர்த்த வேண்டும். கல் தேயத் தேய இதையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பையன் முதல் நாளே ஒரே சரிவாகத் தீட்டிவிட்டான். சந்தோஷம் அண்ணாச்சிக்கும்தான், ஆனால் விடவில்லை. "ஜிக்கு இல்லாத எடத்துல என்ன செய்வான் சார்வாள்?" என்றார். நியாயமான கேள்வி.

நாங்கள் பிள்ளைகளுக்கு முதலில் நாலு கோடு நோட்டு கொடுப்போம். பிறகு இரண்டு கோடு. கடைசியில் கோடே இல்லாத தாள். நாலு கோட்டில் எழுதியதால் யாருடைய கையும் கெட்டதில்லை. சரியான எழுத்து எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் கை அதைத் தேடும். இதைத்தான் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

ஜிக் சொல்லித்தராதவையும் உண்டு. உளியை அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் வைப்பது, தீப்பொறி உளியின் மேல்பக்கம் எட்டிப்பார்த்ததும் நிறுத்துவது. லாரிப் பட்டையில் கொல்லர் அடித்துக் கொடுத்த உளி நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும், அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும். ஹைஸ்பீட் ஸ்டீல் உளி அந்தச் சூட்டைத் தாங்கும், அதைச் சூட்டோடு தண்ணீரில் போட்டால்தான் நுண்ணிய விரிசல் விழலாம். இதையெல்லாம் பேரனுக்கு அண்ணாச்சிதான் பழக்குகிறார். இப்போது சனிக்கிழமை தவறாமல் பட்டறை இரண்டு பேரோடு ஓடுகிறது. அளவுக்கு ஜிக், பதத்துக்குத் தாத்தா.

தீட்ட ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லி முடிக்கிறேன். நிமிடத்துக்கு 1,440 சுற்று கிரைண்டர் கிடைத்தால் வாங்குங்கள். 2,880 சுற்றில் உளி சீக்கிரம் தேயும், சூடும் அதிகம். கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள். புதுக் கல்லை மாட்டுமுன் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கலாம், மாட்ட வேண்டாம். ஓடவிடும்போது கல்லுக்கு நேரே நிற்காமல் ஓரமாக ஒரு நிமிடம் நில்லுங்கள்.

பழகும் பிள்ளைகள் யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால் கூரான உளியாகக் கையில் கொடுங்கள். ஆசை தங்கும்.