மீனுக்கு நல்ல தண்ணீர்க் குளியல்

பெரிய மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் ஒரு மீன்கூட வாங்கியதில்லை. சிவப்பாக இருந்தால் பைக்குள். வெளுத்திருந்தால் கூடைக்கே திரும்பும். அதே செவுளைப் பார்த்து என் தம்பி ஒருநாள் கண்கலங்குவான் என்று நினைத்தேனா?

பிறந்தது மண்டபம், வாழ்க்கைப்பட்டது புதுச்சேரி. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 2010-ல் கடல் விராலை இந்தியாவிலேயே முதன்முதலாகக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். பிறகு அந்தப் பக்கம் கடலில் கூண்டு போட்டு வளர்க்க ஆரம்பித்தார்கள். தம்பியும் போட்டான். பாதி கடன், மீதி என் இரண்டு வளையல். இவருக்குத் தெரியாமல்தான் கொடுத்தேன்!

போன கோடையில் பிள்ளைகளோடு போயிருந்தபோது மீன்கள் தீனியைத் தொடவில்லை. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, வலையில் உடம்பைத் தேய்த்தன. ஒன்றைப் பிடித்துப் பார்த்தால் செவுள் வெளிறி, ஒரே சளி. தட்டைப் புழு ஒட்டி உறிஞ்சுகிறதாம்.

"நல்ல தண்ணியில முக்கி எடுக்கணும்க்கா" என்றான்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "குடிக்கிற தண்ணியையே காசு குடுத்து வாங்குறோம். மீனைக் குளிப்பாட்டப் போறியா?"

எனக்கும் முதலில் புரியவில்லை. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்புகிறதல்லவா? அதே கதைதான். கடல் புழுவின் உடம்பில் உப்பு. நல்ல தண்ணீர் உள்ளே புகுந்ததும் வெளுத்து, உப்பி, பிடியை விட்டுவிடுகிறது. மீனுக்குத் தோலும் சிறுநீரகமும் இருப்பதால் கொஞ்ச நேரம் தாங்கும். கொஞ்ச நேரம்தான்! (நம் வீட்டுக் கண்ணாடித் தொட்டி மீன் நல்ல தண்ணீர் மீன். அதற்குத் தலைகீழ், உப்புத் தண்ணீரில் முக்குவார்கள்.)

குளோரின் போக ராத்திரி முழுக்கத் திறந்து வைத்த தண்ணீரைப் படகில் ஏற்றி, தொட்டியில் ஊற்றி, காற்றுக்குழாயும் போட்டார்கள். நாலைந்து மீனாக, ஐந்தே நிமிஷம். கைக்கடிகாரம் பார்ப்பது என் வேலை. மூன்றாம் நிமிஷமே ஒன்று மல்லாந்துவிட்டது. அலறியடித்துக் கடலில் விட்டோம், பிழைத்துக்கொண்டது. தொட்டியின் அடியில் உளுந்துத் தோல் மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புழு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் சால்மன் மீனுக்கு இதே குளியலை இரண்டு மூன்று மணி நேரம் தருவார்களாம். அங்கே செவுளைப் பிடிப்பது அமீபா.

முட்டை மட்டும் இதற்கு மசியாது. வலை நூலில் சிக்கிக்கொண்டு பிறகு பொரிக்கும். ஆகவே வலையை மாற்றி, பழையதைச் சுத்தம் செய்து வெயிலில் காயப்போட்டு, சில நாளில் மறுபடியும் ஒரு குளியல். அதற்குத் தண்ணீர்க் காசை அம்மாவே சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், முணுமுணுத்துக்கொண்டே.

பதினொரு மீன் போயிற்று. மற்றவை நாலாம் நாள் தீனிக்கு வந்தன. வளையல் இன்னும் அடகுக் கடையில்தான். ஆடிக்குள் மீட்டுத் தருகிறேன் என்கிறான். அதுவரை இவர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் இருக்க வேண்டும்!